பைக்குள் அடங்கிய துப்பாக்கி

நகலெடுக்கும் இயந்திரம் எந்த நிறுவனத்தினுடையதானாலும் நாம் அதை ஜெராக்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் சிறிய கைத்துப்பாக்கிக்கும் இதுவே நேர்ந்தது. யார் செய்ததானாலும் அது பிரௌனிங் எனப்பட்டது; அகராதிகளும் அச்சொல்லைப் பொதுப்பெயராக ஏற்றுக்கொண்டன. அந்தப் பெயருக்குரிய ஜான் மோசஸ் பிரௌனிங் பிரெஞ்சுக்காரர் அல்லர். அமெரிக்காவின் மேற்கே, யூட்டா பகுதியிலுள்ள ஆக்டன் என்ற சிற்றூரில், தந்தையின் துப்பாக்கிப் பட்டறையில் வளர்ந்தவர். அந்த ஊரின் பெயரைக்கூட அறியாதவர்களின் விதியை அவருடைய கைவண்ணம் மாற்றி எழுதியது. இதற்கு நம் மணியாச்சி ரயில் நிலையமும் ஒரு சாட்சி.

பிரௌனிங் பிறந்தது 1855 ஜனவரி 23 அன்று. தந்தை ஜொனாதன் மார்மன் சபையைத் தழுவியவர். சபையினர் துரத்தப்பட்டு மேற்கு நோக்கி நகர்ந்தபோது அவரும் உடன் வந்து 1852-இல் ஆக்டனில் குடியேறினார். சபையின் அன்றைய வழக்கப்படி மூன்று மனைவியர். மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். பட்டறையில் கழித்துப் போட்ட பழைய குழல் ஒன்றையும் மரக்கட்டையையும் இணைத்துப் பத்து வயதிலேயே ஜான் ஒரு துப்பாக்கி செய்தார் என்பது அவர் குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி.

அவருக்குப் பத்து வயதான அதே 1865-இல்தான், வாஷிங்டனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி கொண்டுவந்தது உள்ளங்கையில் அடங்கும் டெரிஞ்சர் கைத்துப்பாக்கி. அதில் ஒரே ஒரு குண்டுதான் உண்டு. சுட்டபின் அது வெறும் இரும்பு. ஆகவே உடன் ஒரு கத்தியும் எடுத்துவர வேண்டியிருந்தது. பையில் வைக்கும் துப்பாக்கி அன்று அந்த நிலையில்தான் இருந்தது. பல குண்டுகள் வேண்டுமென்றால் ரிவால்வரை நாட வேண்டும். ஆனால் அதன் சுழலும் உருளை பருத்திருக்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி, அவசரத்தில் உருவும்போது துணியில் சிக்கும். மெல்லிய கோட்டுப் பையில் அதை வைத்தால் எதிரே வருபவர் கண்ணுக்குத் தப்பாது.

பிரௌனிங்கின் முதல் இருபதாண்டு உழைப்பு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 1879-இல் அவர் பெற்ற முதல் காப்புரிமை நீண்ட வேட்டைத் துப்பாக்கிக்கானது. சகோதரர்களுடன் சேர்ந்து உள்ளூரில் அதைச் செய்து விற்றார். அதன் புகழ் வின்செஸ்டர் நிறுவனத்தை எட்டியது. 1883-இல் அதன் அதிகாரி ஆக்டனுக்கே வந்து 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிச் சென்றார். பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வின்செஸ்டரின் பெயர்பெற்ற துப்பாக்கிகள் பலவும் பிரௌனிங்கின் சிந்தனையில் பிறந்தவையே. இடையில் இரண்டாண்டுகள் தொழிலைத் துறந்து, ஜார்ஜியா மாநிலத்தில் மார்மன் சபையின் ஊழியராகச் சமயப் பணியாற்றினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்தியும் பட்டறையும் அவரிடம் ஒன்றோடொன்று மோதியதாகத் தெரியவில்லை.

திருப்பம் 1889-இல் வந்தது. துப்பாக்கி வெடிக்கும்போது குழல் முனையிலிருந்து சீறும் காற்றில் அருகிலிருந்த புற்கள் வளைந்து சாய்வதை அவர் கண்டார். எத்தனையோ வேட்டைக்காரர்கள் பார்த்த காட்சிதான் அது. வீணாகும் இந்த விசையைக் கொண்டே அடுத்த குண்டை ஏற்ற முடியாதா என்று யோசித்தவர் அவர். அந்த யோசனை முதலில் இயந்திரத் துப்பாக்கியாயிற்று. ஆனால் வெடிப்பின் மிச்சத்தை வேலை வாங்கும் அந்த நோக்கு, வேறொரு முறையில், கைத்துப்பாக்கிக்கும் இறங்கியது.

சிறிய கைத்துப்பாக்கியில் அவர் கையாண்ட வழி மிக எளியது. குழலை அடைத்து நிற்கும் இரும்புப் பகுதியைத் தாழ்ப்பாள் எதுவும் பூட்டவில்லை. அதன் எடையும் ஒரு வில்சுருளும் மட்டுமே பிடித்திருக்கின்றன. குண்டு முன்னால் பாயும்போது அதே விசை அந்த இரும்பைப் பின்னால் தள்ளுகிறது. காலித் தோட்டா வெளியே விழுகிறது. வில்சுருள் அதை மீண்டும் முன்னால் கொணரும்போது கைப்பிடிக்குள் அடுக்கியுள்ள அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. உறுப்புகள் குறைவு, பருத்த உருளை இல்லை, சுத்தி உள்ளே மறைந்துவிட்டது. துப்பாக்கி தட்டையாயிற்று.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. தாழ்ப்பாள் இல்லாத அமைப்பு வலிமையான தோட்டாவைத் தாங்காது. எனவே தோட்டாவையும் அவரே புதிதாக வடிவமைத்தார். 7.65 மில்லிமீட்டர் அளவுள்ள அதன் குண்டு ஐந்து கிராமுக்கும் குறைவு. பின்னாளில் அமெரிக்கப் படைக்கு அவரே செய்த பெரிய கைத்துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய பதினைந்து கிராம். பையில் வைக்க ஆயுதம் தேடுபவர் எக்காலத்திலும் சந்திக்கும் சிக்கல் இதுதான். சுமக்க எளிதானது சுட அரிதாகிறது. குழல் குறுகக் குறுகக் குறி தவறுகிறது. கைப்பிடி சிறுக்கச் சிறுக்க விரல்களுக்கு இடமில்லை. எடை குறையக் குறைய உதைப்பு கூடுகிறது. எதை விட்டு எதைக் கொள்வது என்பதில் வாங்குபவர் பெரும்பாலும் சுமப்பதன் பக்கமே சாய்ந்தார். வீட்டிலேயே தங்கிவிடும் பெரிய துப்பாக்கியால் அவருக்கு என்ன பயன்?

இந்த வடிவத்தைப் பெரிய அளவில் உற்பத்தி செய்தது பெல்ஜியம். லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் 1889-இல் தொடங்கப்பட்ட ஆயுதத் தொழிற்சாலை, எஃப்.என். என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, படைக்கான துப்பாக்கி ஒப்பந்தம் முடிந்தபின் வேலையின்றித் தவித்தது. மிதிவண்டி செய்து பிழைக்கலாமா என்று அறிந்துவர அதன் அதிகாரி 1897-இல் அமெரிக்கா சென்றார். சென்ற இடத்தில் பிரௌனிங்கைச் சந்தித்தார். மிதிவண்டித் தொழில்நுட்பம் தேடிப் போனவர் கைத்துப்பாக்கியோடு திரும்பினார். 1900-இல் பெல்ஜியப் படை அதை ஏற்றது. சில ஆண்டுகளில் 6.35 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான இன்னும் சிறிய வடிவம் வந்தது. நீளம் பதினொன்றரை சென்டிமீட்டர். எடை நானூறு கிராமுக்கும் குறைவு. வேட்டிமடியிலும் செருகிவிடலாம். உள்ளங்கை அழுத்தினாலன்றி வெடிக்காத பாதுகாப்பு விசை ஒன்றையும் கைப்பிடியின் பின்புறம் பொருத்தினார். பையில் சாவியோடும் சில்லறையோடும் கிடக்கும் துப்பாக்கி, உரியவரையே சுட்டுவிடக்கூடாதல்லவா? அந்த வகையில் அவர் பொறுப்புள்ள தொழிலாளி.

அது காக்க முனைந்தது சுமப்பவரை. எதிரே நிற்பவரைப் பற்றிய கவலை அரசுகளுக்கு வந்தது. பிரிட்டன் 1903-இல், ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட துப்பாக்கிகளை வாங்க உரிமம் கேட்டது; ஆனால் அந்த உரிமம் அஞ்சலகத்திலேயே கிடைத்தது. நியூயார்க் மாநிலம் 1911-இல், மறைத்துவைக்கக்கூடிய துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலோ நிலைமை வேறு. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது. அச்சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்குத் தட்டையான துப்பாக்கியைவிடப் பொருத்தமானது எது? 1909-இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகள், ஒரு பெட்டியின் ரகசிய அடித்தட்டில் மறைந்து பம்பாய் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றுதான் அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனின் உயிரைப் பறித்தது.

அதே 1909 அக்டோபரில், ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமி, கொரியரான ஆன் ஜுங்-குன்னால் சுடப்பட்டு வீழ்ந்தார், ஆயுதம் பிரௌனிங். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றவர். அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அதே துப்பாக்கியால் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். இன்று அந்த நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த நிகழ்ச்சிகளின் நியாயங்களை ஒரே தராசில் நிறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் தூரத்தைக் கவனிக்கலாம். பையில் வைக்கும் துப்பாக்கியின் பலவீனமான குண்டும் குறுகிய குழலும் சில அடிகளுக்குள் மட்டுமே நம்பத்தக்கவை. வணக்கம் சொல்லும் தூரம், மாலை போடும் தூரம், மனு கொடுக்கும் தூரம் அது. பெரிய துப்பாக்கியோடு வருபவனை அத்தனை அருகில் யாரும் விடமாட்டார்கள். வெறுங்கையோடு வருவதாகத் தோன்றுபவனையே விடுவார்கள். கருவியின் குறை என்று வாங்குபவர் நினைத்ததை அதன் தோற்றம் ஈடுசெய்துவிட்டது.

1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் பத்தொன்பது வயது கவ்ரிலோ பிரின்சிப், வழிதவறித் தன் முன்னே வந்து நின்ற காரை நோக்கி இரண்டு முறை சுட்டதும் அப்படிப்பட்ட தூரத்திலிருந்துதான். ஆஸ்திரிய இளவரசரும் அவருடைய மனைவியும் மாண்டனர். சதியாளர்கள் கொண்டுவந்த நான்கு துப்பாக்கிகளும் பிரௌனிங்கின் 1910-ஆம் ஆண்டு வடிவம், ஹெர்ஸ்டாலில் செய்யப்பட்டவை. குழலைச் சுற்றியே வில்சுருளை அமைத்து மேலும் மெலிதாக்கப்பட்ட வடிவம் அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் எஃப்.என். தன் பத்து லட்சமாவது பிரௌனிங் கைத்துப்பாக்கியை விருந்து வைத்துக் கொண்டாடியிருந்தது. பெல்ஜிய மன்னர் பிரௌனிங்குக்கு விருதும் வழங்கியிருந்தார். சரயேவோ நிகழ்ச்சி நடந்து ஐந்து வாரங்களில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. முதலில் தாக்கியது லியேஜ் நகரை. அந்தத் துப்பாக்கி பிறந்த தொழிற்சாலையே ஜெர்மானியர் வசமாயிற்று. போருக்கு அந்த இரு குண்டுகளே காரணம் என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்லமாட்டார். ஆயினும் ஹெர்ஸ்டால் தொழிலாளர்கள் அதை எப்படி நினைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்கா 1917-இல் போரில் இறங்கியபோது பிரௌனிங் தன் இயந்திரத் துப்பாக்கியையும் தானியங்கித் துப்பாக்கியையும் 1911-ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கியையும் அரசுக்கு அளித்தார். ஏழரை லட்சம் டாலர் மொத்தத் தொகையைப் பேரம் பேசாமல் பெற்றுக்கொண்டார். முறைப்படியான உரிமத்தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டியிருக்கும். பண ஆசை கொண்டவரல்லர் என்பதற்கு இது போதும். ஆனால் 1902-இல் உரிமத்தொகைக்காகவே வின்செஸ்டருடன் பிணங்கிப் பிரிந்தவரும் அவர்தான். தன் உழைப்பின் மதிப்பை அறிந்தவர், நாடு கேட்டபோது அதை விட்டுக்கொடுத்தார் என்று கொள்வதே சரி. அவருடைய மகன் வால், படை அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்று தந்தையின் துப்பாக்கியைப் போர்முனையில் இயக்கிக் காட்டினார்.

வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128. வரைபடத்தைவிடக் கையிலுள்ள இரும்பையே நம்பியவர். ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்டதும் அடுத்ததற்குப் போய்விடும் இயல்பினர். தீர்ந்த சிக்கல் யார் பையில் போய்ச் சேரும் என்பது அவருடைய பட்டறையின் கேள்வியாக இருந்ததில்லை. இதை அவருடைய குற்றமென்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அக்கேள்வியைக் கேட்க வேண்டிய அரசுகளே அன்று அவருடைய வாடிக்கையாளர்களாக வரிசையில் நின்றன.

1926 நவம்பர் 26 அன்று லியேஜ் தொழிற்சாலையில் பணியிலிருந்தபோதே இதயம் நின்று இறந்தார். உடல் கடல் கடந்து ஆக்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கடைசியாக அவர் மேற்கொண்டிருந்தது பதின்மூன்று குண்டுகள் கொள்ளும் பெரிய கைத்துப்பாக்கி, எஃப்.என். பொறியாளர் சேவ் அதை முடித்து 1935-இல் வெளிக்கொணர்ந்தார்.

பையில் வைக்கும் துப்பாக்கிக்கென அவர் 1908-இல் தந்த 9 மில்லிமீட்டர் குறுந்தோட்டாவும் அவரோடு மறையவில்லை. சரயேவோவில் வெடித்தது அந்தத் தோட்டாதான். இத்தாலியின் பெரெட்டா நிறுவனம் 1934-இல் வெளியிட்ட சிறிய கைத்துப்பாக்கிக்கும், தாழ்ப்பாள் இல்லாத அதே அமைப்போடு, அதே தோட்டாவையே தேர்ந்துகொண்டது. அத்தகைய பெரெட்டா ஒன்று கைமாறிக் கைமாறி இந்தியா வந்தது. 1948 ஜனவரி 30 மாலை, தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தியடிகளின் முன் கைகூப்பியபடி ஒருவன் நின்றான். மூன்று குண்டுகள். துப்பாக்கி அதுவரை அவனுடைய சட்டைப்பையில் இருந்தது.