யார் இந்த ரேச்சல் கார்சன்? சாப்பாட்டுத் தட்டில் இருந்த பூச்சிமருந்தைக் கேள்வி கேட்ட பெண்!

மார்க்கெட்டில் வாங்கிய தக்காளியையும் கத்தரிக்காயையும் உப்புத் தண்ணீரில் ஊறவெச்சு கழுவுறோம். மருந்து அடிச்சிருப்பாங்களேங்கற பயம்தான் காரணம். இந்தப் பயத்தை 60 வருஷத்துக்கு முன்னாடியே உலகம் முழுக்கப் பேச வைத்தவர், அமெரிக்காவைச் சேர்ந்த ரேச்சல் கார்சன்.

யார் இவர்?

1907-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தவர். விலங்கியலில் முதுகலை படித்துவிட்டு, அரசு மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். கடலைப் பற்றி 1951-ல் எழுதிய புத்தகம் பெரிய ஹிட். அடுத்த வருடமே வேலையை விட்டுட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

டிடிடி மேல் ஏன் சந்தேகம்?

அப்போது டிடிடி ஒரு ஹீரோ. அதன் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசே கொடுத்தாங்க. 1957-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், மரங்களை அழிக்கும் கம்பளிப்புழுவைக் கொல்ல விமானத்தில் இருந்து டிடிடி தெளித்தார்கள். வீட்டுத் தோட்டக் காய்கறி, மாடு மேயும் புல் எதுவும் தப்பல. மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, ஆனா ஜெயிக்க முடியல. இந்த வழக்கை கவனித்த கார்சன், ஆதாரங்களைத் திரட்டத் தொடங்கினார்.

கழுவினா போகாதா?

இங்கேதான் சிக்கல். டிடிடி கொழுப்பில் சேர்ந்து தங்கும். கார்சன் காட்டிய கணக்கு இது: மாடு தின்னும் வைக்கோலில் பத்து லட்சத்தில் 7 முதல் 8 பங்கு டிடிடி இருந்தால், பாலில் 3 பங்கு வரும். அந்தப் பாலில் எடுக்கும் வெண்ணெயில் 65 பங்கு வரை போகலாம்!

ஒவ்வொரு பொருளிலும் இவ்வளவு மருந்து இருக்கலாம்னு அரசு ஒரு அளவு வைக்குது. ஆனா காலையில் பால், மதியம் காய்கறி, ராத்திரி பழம்னு எல்லாம் ஒரே வயிற்றுக்குள்ளதானே போகுது? மொத்தக் கணக்கை யார் பார்க்கிறது? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

மறைத்த நோய்

1962-ல் 'மௌன வசந்தம்' என்ற பொருள் தரும் 'சைலன்ட் ஸ்பிரிங்' வெளியானது. ரசாயன நிறுவனங்கள் கொதித்தன. வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலும் வந்தது. அவர் எல்லா மருந்தையும் தடை செய்யச் சொல்லவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிக்காதீங்க, என்ன தெளிக்கிறோம்னு மக்களுக்குத் தெரியணும் என்பதே அவர் வாதம்.

அந்தப் புத்தகத்தை எழுதும்போதே கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய். வெளியே சொன்னால், சொந்த நோயால்தான் மருந்துகளைக் குறை சொல்றார்னு எதிர்ப்பாளர்கள் திசைதிருப்புவாங்க. அதனால் கடைசிவரை மறைத்தார். 1963 மே மாதம், அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அறிக்கை இவர் பக்கமே நின்றது. ஜூனில், உடல் தளர்ந்த நிலையிலும் செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் காலமானார்.

பிறகு என்ன ஆச்சு?

1972-ல் அமெரிக்கா விவசாயத்தில் டிடிடியைத் தடை செய்தது. இந்தியா 1989-ல் செய்தது. இன்று நம் நாட்டில் உணவில் இருக்கக்கூடிய பூச்சிமருந்து எச்சத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிதான். மொத்தக் கணக்கை யார் பார்ப்பது என்ற கார்சனின் கேள்வி இன்னும் பழசாகல.