வெள்ளி வில்லையும் கொல்பேர் அமைச்சரும்

பிரெஞ்சு நாட்டுப் பழம்பொருள்களைத் திரட்டுவோர் விரும்பித் தேடுவனவற்றுள் வெள்ளி வில்லைகளும் ஒருவகை. பார்வைக்கு நாணயம் போன்றிருப்பினும் அவை நாணயமல்ல, கடைத்தெருவிற் செல்லா. எறிதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த 'ழெத்தோன்' என்பது அவற்றின் பெயர். சீட்டாட்ட மேசையிற் பந்தயப் பொருளுக்கு ஈடாக வைக்கப்பெற்றவை என்றே பலரும் அவற்றை அறிவர். ஆயின், அவற்றின் முதற்றொழில் ஆட்டமன்று, கணக்கே. அவ்வில்லைகளின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது, பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சராய் விளங்கிய ழான் பாப்தீஸ்த் கொல்பேரின் வாழ்க்கை. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கொல்பேர் 1619ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ரேம்ஸ் நகரில் ஒரு துணி வணிகர் குடியிற் பிறந்தார். பழைய கணக்கர் மேசைமேற் கோடுகள் வரைந்து, அவற்றில் வில்லைகளை இட்டுக் கூட்டலும் கழித்தலும் செய்வர். அடிக்கோடு ஒன்றுகளுக்கும், அதன் மேற்கோடு பத்துகளுக்கும், அதற்கும் மேலது நூறுகளுக்கும் உரியன. இரு கோடுகளின் இடைவெளியில் வைத்த வில்லை, கீழ்க்கோட்டு வில்லையைப்போல் ஐந்து மடங்கு பெறும். இவ்வாறு 267 என்னும் தொகையைக் காட்ட ஏழு வில்லைகளே போதும். ஏட்டில் எழுதிக் கணக்கிடும் முறை பரவப் பரவ, இத்தொழில் வில்லையை விட்டு அகன்றது. வெள்ளியாற் செய்தவை புத்தாண்டுதோறும் பைபையாக உயர் அலுவலருக்குப் பரிசாயின; அங்கிருந்து ஆட்ட மேசைக்கும் சென்றன.

இளமையிலேயே அரசாங்க அலுவல் புகுந்த கொல்பேர், பின்னர்க் கர்தினால் மசாரினின் சொத்துக்களை ஆளும் பொறுப்பேற்றார். 1661இல் மசாரின் இறந்தார். அப்பொழுது நாட்டின் பொருட்டுறை பூக்கே என்பவர் கையில் இருந்தது. மக்கள் செலுத்திய வரியிற் பெரும்பகுதி, மன்னரின் கருவூலத்தை அடையுமுன்னே வரி குத்தகைதாரருக்கும் கடன் கொடுத்தோருக்கும் போய்விடுவதைக் கொல்பேர் மன்னருக்கு விளக்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பூக்கே சிறைப்பட்டார். பூக்கேயின் குடிச்சின்னம் அணில். கொல்பேரின் சின்னம் பாம்பு. பாம்பு அணிலை விழுங்கிற்று. அவ்வழக்கில் நடுவுநிலை வழுவியதென்று அக்காலத்தாரே குறை கூறினராதலின், கொல்பேர் நேர்வழியால் மட்டுமே வென்றாரென்று கூற நாம் துணியோம்.

ஆயினும், அவரது உழைப்பை மறுப்பாரில்லை. 1665இல் நாட்டின் பொருட்டுறைத் தலைமைக் கணக்கராகவும், 1669இற் கப்பற்படைத்துறை அமைச்சராகவும் உயர்ந்தார். வரவு செலவுகளைச் சுருக்கி எழுதிய சிறு ஏடுகளை, மன்னர் சட்டைப்பையிற் கொண்டு செல்லுமாறு அமைத்துக் கொடுத்தார். 1664இல் அவர் முயற்சியால் தோன்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே, 1674இற் புதுச்சேரியில் வேரூன்றியது.

வில்லையைக் கலையாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1663இல் அவர் ஒரு சிறு அறிஞர் குழுவைக் கூட்டினார்; பதக்கங்களுக்கும் வில்லைகளுக்கும் உருவும் வாசகமும் வகுப்பது அதன் தொழில்களுள் ஒன்று. பிற்காலத்தில் சிண்டரெல்லா கதையை எழுதிப் புகழ்பெற்ற பெரோ அக்குழுவின் செயலாளர்.

இனி, அவர் செய்த புதுமையைக் காண்போம். பிரெஞ்சுக் கழகத்துப் புலவர் நாற்பதின்மர், அகராதி இயற்றும் பணியைப் பல்லாண்டாக இழுத்து வந்தனர். 1672இல் மன்னர் தாமே அக்கழகத்தின் புரவலராகி லூவர் அரண்மனையில் இடமளித்த பின், கூட்டம் ஒவ்வொன்றுக்கும் நாற்பது வெள்ளி வில்லைகள் வழங்கக் கொல்பேர் ஏற்பாடு செய்தார். ஒரு புறம் மன்னர் முகம். மறுபுறம் வாகைமாலையும் அழியாமையைக் குறிக்கும் வாசகமும். குறித்த நேரத்தில் வந்தவருக்கு வில்லை உண்டு. வாராதார் பங்கை வந்தவர் பகிர்ந்துகொள்வர். நேரம் அறியக் கடிகாரம் ஒன்றும் அளித்தார். வில்லைக்காகவே வருவோரைப் பூரெத்தியேர் என்னும் உறுப்பினர் எள்ளி நகையாடினார். எனினும் பணி நடந்தது. அகராதி 1694இல் வெளிவந்தது. வருகைப் பதிவேட்டின் அருமையை நன்கறிந்த நாம், கொல்பேரின் நுட்பத்தை வியவாதிருத்தல் இயலாது.

எண்ணத் தெரிந்த அம்மனிதர் எண்ணாது விட்டவையும் உண்டு. 1672இல் ஒல்லாந்தரோடு மூண்ட போர், அவர் சேர்த்த பொருளையெல்லாம் விழுங்கிற்று. முத்திரைத்தாள் மீதும் புகையிலை மீதும் வரி விதிக்கவே, 1675இற் பிரெத்தாஞ் நாட்டுப்புறத்தார் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கொடுமையாக ஒடுக்கப்பட்டனர். துடுப்பு வலிக்க ஆள் வேண்டுமென்று, குற்றவாளிகளை மிகுதியாகக் கப்பல் தண்டனைக்கு அனுப்புமாறு நீதிமன்றங்களைத் தூண்டினார். தீவுகளில் அடிமைகளை ஆளும் சட்டத்தை வகுக்கத் தொடங்கியவரும் அவரே. அவர் மகன் காலத்தில், 1685இல், அது வெளியாயிற்று. அதில் மனிதர் அசையும் பொருளாக எண்ணப்பட்டனர். இதனைக் கணக்கின் பிழை என்று கூறி அமைதல் தகாது. அறத்தின் பிழை என்றே கூறுதல் வேண்டும்.

1682இல் அரசவை வெர்சாயில் நிலைபெற்றது. அங்கு மாலைதோறும் பெருந்தொகை வைத்துச் சீட்டாடினர். மன்னரின் மாளிகைச் செலவோ கொல்பேரின் ஏட்டில் ஏறியவண்ணமிருந்தது. 1683ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் கொல்பேர் மறைந்தார். வரிச்சுமையாற் கொதித்த மக்களுக்கு அஞ்சி, அவர் உடலை இரவிற் கொண்டுசென்று புனித யூஸ்தாஸ் கோயிலில் அடக்கம் செய்தனர். மன்னரின் சட்டைப்பை ஏடுகளும் அவரோடு முடிந்தன. ஆறாண்டு கழித்து, 1689இல், போர்ச் செலவுக்காக வெர்சாய் மாளிகையின் வெள்ளி மேசைகளும் விளக்குகளும் உருக்கப்பட்டன.

சிறு வில்லைகளோ இன்னும் உள. அவற்றைத் திரட்டுவோர் முதலில் விளிம்பை நோக்குவர். அங்கே வெள்ளியெனப் பொருள்படும் சொல்லும் தேனீயின் உருவும் இருப்பின், பாரிசு அக்கசாலையார் 1860க்கும் 1880க்கும் இடையில் பழைய அச்சுக்கொண்டு மீண்டும் அடித்தது எனவும், வளக்கொம்பின் உருவு இருப்பின் 1880க்குப் பிற்பட்டது எனவும் தெளிவர். முகம் ஒன்றாயினும் காலம் வேறென்பதை விளிம்பே காட்டும்.

பெரியோர் வாழ்க்கையையும் அங்ஙனமே முகத்தோடு விளிம்பையும் நோக்கி ஆராய்தல் மாணவராகிய நம் கடன். கொல்பேரின் உழைப்பும் ஒழுங்கும் நாம் கைக்கொள்ளத் தக்கன. எண்ணப்படும் வில்லைக்குப் பின்னே ஒரு மனிதன் நிற்கின்றான் என்பதை அவர் மறந்தார், நாம் மறவாதிருப்போமாக.