மல்லர் ஜாதவும் கல்லூரி முதல்வரும்

மராட்டிய மாநிலத்துச் சாத்தாரா மாவட்டத்தில் கோலேசுவர் என்னும் சிற்றூரில் 1926இல் பிறந்தவர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். மல்லரான தந்தையிடமே மற்போர் கற்றார். மண் களத்தில் பழகிய அவர், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் விரிப்பின்மீது பொருதி ஆறாமிடம் பெற்றார்.

1952இல் ஹெல்சிங்கி செல்லப் பொருளின்றித் தவித்தபோது, அவர் பயின்ற கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்தேகர் தம் இல்லத்தையே 7,000 ரூபாய்க்கு அடகு வைத்து உதவினார். ஜாதவ் வென்ற வெண்கலமே விடுதலை இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கமாயிற்று.

1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர், 1984இல் சாலை விபத்தில் மறைந்தார். அருச்சுனா விருது அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது.

அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்களினின்று கல்லூரிக்கு வரும் மாணவருள்ளும் ஒரு ஜாதவ் இருக்கக்கூடும். அவரை இனங்கண்டு கைகொடுக்கும் கர்தேகர்களாக நாம் இருக்கின்றோமா என்பதே ஆசிரியர்களாகிய நம்முன் நிற்கும் வினா.