கைவிளக்கேந்திய காரிகையின் நோய்க்கட்டில்

நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஆங்கில தின விழாவுக்குப் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் கதையை நடித்தோம். மின்சாரம் இல்லாத ஆண்டுகள் அவை. கதாநாயகிக்கு அரிக்கன் லாம்பு ஒன்று கிடைத்தது. ஊற்றுவதற்கு மண்ணெண்ணெய்தான் கிடைக்கவில்லை. எரியாத விளக்கோடு எமது தோழி கட்டில் கட்டிலாகப் போய்வர, காயம்பட்ட படைவீரர்களாக வாங்குகளில் கிடந்த நாம் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை அந்த வகுப்பினர் எங்கிருந்தாலும் மறந்திருக்க மாட்டார்கள். (அம்மையார் உண்மையில் எடுத்துச் சென்றது, துருக்கியர் பாவித்த, மடித்து விரிக்கும் கடதாசி விளக்குக்கூடு என்பது பின்னாளில்தான் தெரிந்தது.)

நாடகம் அந்த விளக்கோடு முடிந்தது. பாடப்புத்தகமும் அங்கேதான் முடிந்தது. ஆனால் அவர் போர்க்கால வைத்தியசாலைகளில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன்பின் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றிற் பெரும்பகுதி நோயாளியாக. நாட்பட்ட நோயாளரைத் தினமும் பார்க்கும் தொழிலுக்கு வந்த பின்னரே அந்த மீதிக் கதை எமக்குப் பெரிதாகப் பட்டது.

1820 மே 12ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்தார். ஊரின் பெயரே பெயராயிற்று. தாதியாவதற்கு வீட்டில் இருந்த எதிர்ப்பை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி வைத்தியசாலையை அடைந்தார். அடுத்த மே மாதம் கிரிமியாவின் பலக்கிளாவாவுக்குச் சென்றவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைத்தார், போர் முடியும்வரை வேலையும் செய்தார். ஆனால் அந்தக் காய்ச்சல் அவரை விட்டுப் போகவில்லை.

1857இல் முற்றாகத் தளர்ந்து விழுந்தார். நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், நித்திரையின்மை, உணவைக் கண்டாலே குமட்டல். 1861 முடிவில் முதுகெலும்பு வலியும் கடுமையாகச் சேர, சில ஆண்டுகள் நடக்க முடியாமல் அறைக்கு அறை தூக்கிச் செல்லப்பட்டார். அதிக காலம் இருக்கப் போவதில்லை என்று அவரே நம்பினார். அப்போது அவருக்கு 41 வயது. எம்மில் பலருடைய இன்றைய வயதும் ஏறக்குறைய அதுதான்.

வெளியே காயமில்லை. ஒருநாள் கட்டுக் கட்டாக எழுதுவார், மறுநாள் எழும்ப முடியாது. இப்படிப்பட்ட நோயை நம்புவதற்கு மனிதருக்கு மனம் வராது. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். குடும்பத்தைத் தள்ளி வைக்கப் போட்ட நடிப்பு என்றும் சரித்திரக்காரர் சிலர் எழுதினார்கள். 1995இல்தான் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வாளர் அந்தக் குறிகளை ஒன்றாக வைத்து, இது நாட்பட்ட புருசெல்லோசிஸ் ஆக இருக்கலாம் என்று வாதிட்டார். காய்ச்சாத பாலால் பரவும் நோய் அது. விட்டுவிட்டுக் காயும், முதுகெலும்பைத் தாக்கும், மனத்தையும் சோர வைக்கும். அதன் கிருமியை மோல்ற்றாத் தீவில் 1887இல் கண்டுபிடித்தார்கள். ஆட்டுப்பாலே வழி என்பது 1905இல் தெரிந்தது. இரண்டும் அம்மையார் உயிரோடிருந்த காலத்தில்தான். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆகவே உங்களுக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லி நாமும் எத்தனை அம்மாமாரைத் திருப்பி அனுப்பியிருப்போம்!

இருக்கும் பலத்தைச் சில்லறைக் காசுபோல எண்ணிச் செலவழித்தார் அவர். முன்கூட்டி நேரம் கேட்டால்தான் சந்திப்பு. அதுவும் ஒருவர் பின் ஒருவராக. தாயும் சகோதரியும்கூட நினைத்த நேரம் வர முடியாது. வலி தாங்க முடியாத காலத்தில், அப்போது புதிதாக வந்திருந்த முறைப்படி தோலின் கீழ் அபின் ஊசி போட்டுக்கொண்டார். இந்தியச் சுகாதாரம், படைவீரர் நலம் எல்லாம் அந்தக் கட்டிலில் இருந்தபடியே எழுதப்பட்டவை.

தாதியர் கலை பற்றிய அவரது புகழ்பெற்ற சிறு நூல் 1859இல் எழுதப்பட்டது. நோயாளியாகப் படுத்தவர் எழுதியது என்று தெரிந்து படித்தால் அது வேறு நூலாகத் தெரியும். கதவுக்கு வெளியே குசுகுசுப்பது, படுத்திருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் நின்று பேசுவது, வெறும் வாய்க்கு எல்லாம் சுகமாகும் என்று தேற்றுவது ஆகிய எல்லாவற்றையும் பிடித்துக் கண்டிக்கிறார். எமக்கு மிகவும் பிடித்த இடம், தாதி அறையில் இருக்கும்போது நடப்பது அவர் இல்லாத நேரத்திலும் நடக்க ஏற்பாடு செய்வதே பராமரிப்பு என்று அவர் விளக்கும் பகுதி. நீரிழிவு கிளினிக்கில் மருந்தை எழுதுவது நாம்தான். ஆனால் அம்மா தனியே இருக்கிறாரா, ஊசியை யார் போடுகிறார், இன்சுலினை எங்கே வைக்கிறார் என்று விசாரித்துக் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைக் குறித்துக் கொடுப்பவர் தாதி. அந்தக் கேள்விகள் கேட்கப்படாத மாதங்களில் சீனி ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம்.

1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. நோயால் அவர் அங்கே கற்பிக்கவில்லை. மாணவியரைத் தமது அறைக்கு அழைத்துப் பேசினார், கடிதம் எழுதினார். 1882 வரை அந்தப் பாடசாலைக்குள் காலே வைக்கவில்லை. லிவர்ப்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், இறந்துபோன தம் மனைவியைப் பராமரித்த மேரி ரொபின்சன் என்ற தாதியை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். முதல் மாதத்திலேயே, இந்தத் துயரைப் பார்க்க முடியவில்லை என்று அவர் அழுதுகொண்டு திரும்பி வந்தார். ஆயினும் வேலையைத் தொடர்ந்தார். அத்தகைய தாதியரை மேலும் பயிற்றுவிக்க ராத்போன் ஆலோசனை கேட்டது அம்மையாரிடம். லிவர்ப்பூலில் 1862இல் அதற்கான பாடசாலையும் வந்தது.

அவரைப் பராமரித்தோர் பற்றியும் சொல்ல வேண்டும். மாமி முறையான மே அம்மையார் சொந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகப் பக்கத்தில் இருந்தார். 1860இல் அவர் வீடு திரும்பியதை நைற்றிங்கேல் நீண்ட காலம் மன்னிக்கவில்லை. தாதியரின் களைப்பைப் பற்றி அறிந்தவர் இதில் இப்படி நடந்தது எமக்கு வருத்தமே. நீண்ட நோய் நோயாளியை மட்டும் களைக்கப் பண்ணுவதில்லை.

அறுபது வயதுக்குப் பின் வலி குறைந்து மனமும் இளகியது. முதுமையில் கண்பார்வை போயிற்று. 1907இல் பெண்களில் முதலாவதாக அவருக்கு ஓடர் ஒஃப் மெரிற் விருது கிடைத்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, 90ஆவது வயதில், நித்திரையிலேயே காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் சிற்றூர் ஒன்றில், பெற்றோருக்கு அருகே அடக்கம் செய்தார்கள். கல்லில் அவருக்குரியதாகப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே உண்டு.