பாலைச் சுழற்றிய மேதை!

குழந்தைகளே, கறந்த பாலைக் காய்ச்சாமல், அசைக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? அதிலுள்ள கொழுப்பு மெல்ல மெல்ல மேலே வந்து ஏடாக மிதக்கும். அந்த ஏட்டை எடுத்துக் கடைந்தால் வெண்ணெய் கிடைக்கும்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் உள்ள சுவீடன் நாட்டில் இப்படித்தான் ஏடு எடுத்தார்கள். ஆனால், ஏடு முழுவதும் மேலே வருவதற்குள் பால் புளித்துவிடுமே! அதனால் உயரமான பாத்திரங்களில் பாலை ஊற்றி, பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதற்காகவே குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து எடுத்து, மரத்தூள் போட்டு மூடிச் சேமித்து வைப்பார்கள். பால் மட்டும் இருந்தால் போதாது. தொட்டி நிறையக் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் குஸ்தாவ் டி லாவல். 1845-ம் ஆண்டு மே 9-ம் தேதி சுவீடனில் உள்ள ஓர்சா என்ற ஊரில் பிறந்தார். ஸ்டாக்ஹோம் நகரில் பொறியியல் படித்து 1866-ல் தேறினார். படிப்பு முடிந்ததும் பிடித்த வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் படிக்கப் போனார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1872-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஓர் இரும்பு ஆலையில் பொறியாளர் ஆனார்.

இரும்பு ஆலைக்காரருக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பாலை வேகமாகச் சுழற்றினால் ஏடு பிரியும் என்று ஜெர்மனியில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வாளியில் பாதித் தண்ணீர் எடுத்துக்கொண்டு தலைக்கு மேலே வேகமாகச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் கீழே கொட்டாது. வாளியின் அடியோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். பாலைச் சுழற்றும்போதும் அப்படித்தான். கனமான பகுதி வெளிப்பக்கம் ஓடும். லேசான கொழுப்பு நடுவில் தங்கும். ஆனால், ஜெர்மனி இயந்திரத்தில் ஒரு குறை. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தித்தான் ஏட்டை எடுக்க வேண்டும். அதைப் பற்றிப் படித்த லாவல், நிறுத்தாமலே ஓடும் இயந்திரம் செய்ய ஆசைப்பட்டார். 1878-ல் செய்தும் காட்டினார்! ஒரு பக்கம் பாலை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரு குழாய் வழியாக ஏடும், இன்னொரு குழாய் வழியாக ஏடு நீங்கிய பாலும் வந்துகொண்டே இருக்கும். பனிக்கட்டித் தொட்டிக்கு வேலையே இல்லை.

1883-ல் ஆஸ்கர் லாம் என்ற நண்பருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். வியாபாரம் பல நாடுகளுக்கும் பரவியது. அவ்வளவு வேகமாகச் சுழலும் இயந்திரத்தை ஓட்ட வேகமான விசை வேண்டுமே என்று நீராவி டர்பைனையும் உருவாக்கினார். அதற்காக அவர் அமைத்த குழாய் முதலில் ஒடுங்கி, பிறகு புனல் போல விரியும். நீராவி அதில் சீறிக்கொண்டு பாயும். இன்று விண்ணுக்குப் போகும் ராக்கெட்டுகளின் வாலிலும் இதே வடிவக் குழாய்தான் இருக்கிறது. பாலில் தொடங்கிய வேலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

1890-களில் அவருடைய கவனம் பால் கறப்பதன் மீது திரும்பியது. விடியும் முன்பே எழுந்து, கை வலிக்க வலிக்கக் கறக்கும் வேலை அது. அதற்கும் இயந்திரம் செய்ய முயன்றார். ஆனால், காம்பு இரும்பு அல்லவே! மெதுவாகப் பிடித்தால் பால் வராது, அழுத்திப் பிடித்தால் மாடு உதைக்கும். அவர் உயிரோடு இருந்தவரை அந்த இயந்திரம் வெற்றி பெறவில்லை.

லாவலுக்கு ஒன்றை முடித்துவிட்டு ஓய்வெடுக்கத் தெரியாது. 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைத் தொடங்கினார். சம்பாதித்த பணமெல்லாம் புதுப் புது சோதனைகளில் கரைந்தது. 1913-ம் ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி, கடன்களை விட்டுவிட்டு அவர் இறந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, அவர் தொடங்கிய நிறுவனம் கறவை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு ஒரு புதிய வேலையும் வந்து சேர்ந்தது. கையால் கறந்தால் வாளியைக் கழுவினால் போதும். இயந்திரத்தில் நீளமான குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் பால் துளி தங்கினால் கிருமிகள் பெருகி, அடுத்த முறை கறக்கும் பாலையும் கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கழுவியே ஆக வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் விடுவார்கள். கொதிநீர் விட்டால் பாலின் புரதம் குழாயில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீர் விட்டால் கொழுப்பு உறைந்துவிடும். அதன் பிறகே சோப்புக் கலந்த சுடுநீர், கடைசியாக நல்ல தண்ணீர்.

1992-ல் நெதர்லாந்து நாட்டுப் பண்ணையில் ரோபோ பால் கறக்கத் தொடங்கியது. பின்னர் லாவலின் பெயரைத் தாங்கிய நிறுவனமும் ரோபோக்களைச் செய்தது. மாடு இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் தானே வந்து நிற்கும். ரோபோ காம்பைக் கழுவி, கறந்து, அடுத்த மாட்டுக்கு முன் தன்னையும் கழுவிக்கொள்ளும். இது போதாதென்று, நாளுக்கு இரண்டு மூன்று தடவை முழுக் குளியல் வேறு! இவ்வளவு தண்ணீரையும் வீணாக்காமல் இருக்க, கடைசியாக அலசிய தண்ணீரைச் சேமித்து, மறுமுறை முதல் அலசலுக்கோ தரை கழுவவோ பயன்படுத்தும் பண்ணைகள் உண்டு.

லாவல் விரட்டிய குளிர்ந்த தண்ணீர் பண்ணைக்குள் மறுபடியும் வந்துவிட்டது, இன்னொரு வேலைக்காக. மடியிலிருந்து சூடாக வரும் பாலைக் கெடாமல் காக்க, சுமார் 4 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். மெல்லிய உலோகத் தகடுகளின் ஒரு பக்கம் பாலும், மறுபக்கம் தண்ணீரும் ஓடும். பாலின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். நிறையப் பால் தரும் மாடு ஒரே நாளில் 100 லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். அதனால் வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரைப் பல பண்ணைகளில் மாடுகளின் தொட்டிக்கே திருப்பிவிடுகிறார்கள்.