வீட்டு நினைவும் கல்வியும்: இலண்டனில் மாணவர் காந்தி



சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும் உங்களிற் சிலர் உயர்தரம் கற்பதற்காக வீட்டை விட்டுப் புறப்படுவீர்கள். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ உள்ள ஒரு தோட்டத்திலிருந்து பதுளை நகருக்கு வருவோரும் உண்டு. கண்டி, கொழும்பு எனத் தொலைவுக்குச் செல்வோரும் உண்டு. புதிய இடத்தில் முதற் சில வாரங்கள் கடினமானவை. அம்மா சுடும் ரொட்டியும் தம்பி தங்கையரின் சத்தமும் இரவில் நினைவுக்கு வரும். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றும்.

இது கோழைத்தனம் அன்று. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து, பதுளை மக்கள் முன்னிலையிலும் உரையாற்றிய மகாத்மா காந்தியும் மாணவப் பருவத்தில் வீட்டை நினைத்து அழுதவரே. அவர் அந்நிலையை எவ்வாறு கடந்தார் என்பதை இங்கு கற்போம்.

முதற் பிரிவு

மோகன்தாஸ் காந்தி 1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்திலுள்ள போர்பந்தரிற் பிறந்தார். ராஜ்கோட்டிற் கல்வி கற்று 1887இல் மெற்றிக்குலேஷன் பரீட்சையிற் சித்தியடைந்தார். அடுத்த ஆண்டு பவநகரிலுள்ள சாமள்தாஸ் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கில விரிவுரைகள் அவருக்கு விளங்கவில்லை. முதலாம் தவணை முடிந்ததும் வீடு திரும்பினார். வீட்டை விட்டுப் படிக்கச் சென்ற முதல் முயற்சி இவ்வாறு முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் குடும்ப நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி சட்டம் கற்க இங்கிலாந்து செல்வதென முடிவாயிற்று. தாயார் புத்லிபாய் அஞ்சினார். மது, மாமிசம், பெண் தொடர்பு ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என மகன் சத்தியம் செய்த பின்னரே அவர் இணங்கினார். கடல் கடக்கக் கூடாது எனக் கூறிய சாதிப் பெரியோர் அவரைச் சாதியிலிருந்து விலக்கினர். இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு, 1888 செப்டெம்பர் 4ஆம் திகதி பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 18.

அழுத இரவுகள்

கப்பலில் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு, கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே உண்டு காலம் கழித்தார். இலண்டனிலோ மனிதர், பழக்கவழக்கங்கள், வீடுகள் அனைத்தும் அந்நியமாக இருந்தன. இரவில் தாயை நினைத்துக் கண்ணீர் விட்டார். மனத்துயரைச் சொல்ல அருகில் எவருமில்லை.

பசியும் சேர்ந்துகொண்டது. மரக்கறி உணவில் உப்போ சுவையோ இல்லை. இன்னும் ஒரு துண்டு பாண் கேட்பதற்கும் வெட்கம். படிப்பறியாத தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டியதில்லை, மாமிசம் உண் என நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். காந்தி இணங்கவில்லை. அங்கே இருக்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஆயினும், வந்தாயிற்று, மூன்று ஆண்டுகளையும் முடித்தே தீர வேண்டும் எனத் தீர்மானித்தார்.

அவர் கண்ட வழிகள்

1. தேடி நடந்தார். மரக்கறி உணவகம் தேடி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒருநாள் ஃபரிங்டன் வீதியில் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்த பின் வயிறார உண்ட முதல் உணவு அங்குதான் கிடைத்தது.

2. போலி வேடத்தைக் கைவிட்டார். ஆங்கிலக் கனவானாக மாற எண்ணி விலையுயர்ந்த உடைகள் வாங்கினார். நடனமும் வயலினும் பயின்றார். ஏறத்தாழ மூன்று மாதங்களில், தாம் வந்தது கற்பதற்கே என உணர்ந்து அவற்றை நிறுத்தினார்.

3. ஒழுங்கை அமைத்துக்கொண்டார். தமையனார் அனுப்பும் பணத்தை எண்ணி, சிறு செலவையும் நாள்தோறும் எழுதினார். ஓர் அறைக்கு மாறித் தாமே சமைத்தார். பஸ்ஸுக்குப் பணம் கொடுக்காமல் நடந்தார். இலண்டன் மெற்றிக்குலேஷன் பரீட்சையில் இலத்தீன் பாடத்தில் முதலிற் சித்தியெய்தவில்லை. மீண்டும் தோற்றி வெற்றி பெற்றார்.

4. நண்பர்களைத் தேடிக்கொண்டார். மரக்கறி உணவாளர் சங்கத்தில் இணைந்து அதன் செயற்குழு உறுப்பினரானார். எழுந்து பேச நாக்கு எழாததால், அவர் எழுதிவந்ததை வேறொருவர் வாசித்ததும் உண்டு. ஆயினும் கூட்டங்களுக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை.

திரும்பிய நாள்

1891 ஜூன் 10ஆம் திகதி பாரிஸ்டரான அவர் 12ஆம் திகதியே தாயகம் புறப்பட்டார். தாயைக் காணும் ஆவலுடன் பம்பாயில் இறங்கியவருக்குத் தாயார் இறந்த செய்தியே காத்திருந்தது. அந்நிய நாட்டில் மனமுடைந்து போவார் என அஞ்சி, தமையனார் அதனை மறைத்திருந்தார். வெற்றியைத் தாயிடம் காட்ட முடியாமற் போயிற்று. ஆனால் தாய்க்குக் கொடுத்த வாக்கை அவர் காத்திருந்தார்.

மாணவர்களே, காந்தி வீட்டை மறந்து நகரத்தை வெல்லவில்லை. வீட்டில் கொடுத்த வாக்கைப் பற்றிக்கொண்டே தமக்கேற்ற உணவையும் நண்பர்களையும் ஒழுங்கையும் தேடிக்கொண்டார். நீங்களும் அழுகை வந்தால் வெட்கப்படாதீர்கள். விடுதிப் பொறுப்பாசிரியரிடமோ நண்பரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். வீட்டாருடன் அடிக்கடி பேசுங்கள். அந்த வாய்ப்பு என்றும் இருக்குமென எண்ணி ஒத்திவைக்காதீர்கள். முதல் தவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. காந்தி பவநகரிலிருந்து வீடு திரும்பக் காரணம் யாது?
2. புறப்படுமுன் தாயாருக்குச் செய்துகொடுத்த சத்தியங்கள் எவை?
3. இலண்டனில் அவர் எதிர்கொண்ட இரு துன்பங்களைக் குறிப்பிடுக.
4. விடுதியில் புதிதாகச் சேர்ந்து வருந்தும் நண்பருக்கு, காந்தியின் அனுபவத்தை எடுத்துக்காட்டி ஒரு கடிதம் எழுதுக.