பழனி ரோட்டில் பஸ் ஓட்டியவர் செய்த 2 ஆயிரம் ரூபாய் கார்

பழனி:

பழனி மலை அடிவாரத்தில் பொள்ளாச்சி-பழனி ரோட்டில் 1920-ம் ஆண்டு ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. ஓனரும் டிரைவரும் ஒரே ஆள். அவர்தான் ஜி.டி.நாயுடு.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ந்தேதி பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனதை பார்த்ததில் இருந்து அதே நினைப்பு. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்து காசு சேர்த்து, 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியவர் ஜாலியாக ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு அக்காக கழற்றி, மறுபடி மாட்டினார். அதுதான் அவருக்கு காலேஜ்.

ரட்ஜ் கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. பஞ்சரானால் நடுரோட்டிலேயே உட்கார்ந்து டயரை பிரித்து மாட்டிய காலத்தில், கார்களுக்கு கழற்றி மாட்டும் ஸ்போக்ஸ் கம்பி சக்கரத்தை கொண்டு வந்த இங்கிலாந்து கம்பெனி அது. ஹப்பில் பல் வெட்டியிருக்கும். சக்கரத்தை அதில் சொருகி, நடுவில் ஒரே ஒரு நட்டை முறுக்கினால் போதும், வண்டி ரெடி.

நாயுடுவின் ஒரு பஸ், யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டாரும் தயாரித்தார்.

அடுத்த ஆசை கார். 1952-ல் 2 பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை ரூ.2 ஆயிரம்தான். ஆனால் தயாரித்து விற்க அரசு லைசென்ஸ் தரவில்லை. காருக்கு சக்கரம் மாட்டியாச்சு, காகிதம்தான் வரவில்லை. தயாரிப்பு அப்படியே நின்றது.

1974 ஜனவரி 4-ந்தேதி நாயுடு காலமானார். அதுவரை அந்த லைசென்ஸ் கிடைக்கவே இல்லை.